நிரல் ஊருக்கு, பெயர் யாருக்கு? கட்டற்ற மென்பொருளின் பெயர்ச் சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள் பற்றி எங்கே பேசப் போனாலும் தொழில்நுட்பக் கேள்விகள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "லினக்ஸ் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறதே, ஏன்?" என்பார். அதன்பின் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நடுநிலையாளன் இல்லை. மென்பொருள்களைத் தமிழாக்கிப் பழகியவன். என் பெயர் விடுபட்டுப்போன அனுபவமும் உண்டு, பிறர் பெயரை நான் விட்டுவிட்ட அனுபவமும் உண்டு.

சும்மா கொடுத்துவிட்ட பொருளுக்கு எதற்குச் சண்டை?

முதலில் அந்தச் 'சும்மா'வைத் திருத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்துக்கும் விடுதலைக்கும் வருவதால், அவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளை விலைக்கும் விற்கலாம். வாங்கியவர் அதைப் பிரித்துப் பார்க்கவும், மாற்றவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் தடை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நிரலை ஆயிரம் பேர் நகலெடுத்தாலும் முதல் நகல் தேய்வதில்லை. பெயர் தேயும். ஒரே பெயரில் இரண்டு உலாவிகள் இருந்தால் எதில் பிழை, யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் போகும். 'எழுதியவர்' என்ற இடத்திலும் எல்லோரும் உட்கார முடியாது. எம்ஐடி உரிமத்தை எடுத்துப் பாருங்கள், அரைப் பக்கம்கூட வராது. மாற்றிக்கொள், விற்றுக்கொள், உள்ளே மறைத்து வைத்துக்கொள் என்கிறது. அது கேட்கும் ஒரே நிபந்தனை, தலையில் இருக்கும் பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் நீக்காதே என்பதுதான். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தவர்கூட அந்த ஒரு வரியைக் கொடுக்கவில்லை. சம்பளம் இல்லாமல் இரவில் விழித்து எழுதும் பலருக்குக் கூலி என்று கைக்கு வருவது அந்த வரிதான்.

லினக்ஸா, குனு/லினக்ஸா?

கதையைக் காலவரிசையில் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27 அன்று, யூனிக்ஸ் போல ஒரு முழு இயங்குதளத்தைக் கட்டற்றதாக எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு வைத்த பெயர் குனு. ஒரு வீடு கட்டுவது போலத்தான்: எமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி, ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி, பாஷ் என்ற கட்டளை முகப்பு, சி மொழி நூலகம் என்று ஒவ்வொன்றாக எழும்பின. இவற்றைக் காக்க, மாற்றி வெளியிடுபவரும் அதே விடுதலையை அடுத்தவருக்குத் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமம் 1989-இல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாம் தயார். வன்பொருளோடு நேரடியாகப் பேசும் கெர்னல் மட்டும் இல்லை. அதற்காகத் தொடங்கிய 'ஹர்ட்' இழுத்துக்கொண்டே போனது.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கியில் ஒரு மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதுவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கு என்றும், குனு போலப் பெரிதாகவோ தொழில்முறையாகவோ இருக்காது என்றும் அறிவித்தார். குனுவில் காலியாக இருந்த கெர்னல் இடத்தைப் பின்னாளில் லினக்ஸ் என்ற பெயரில் நிரப்பியது இதுதான். அதே செய்தியில் பாஷ் 1.08, ஜிசிசி 1.40 இரண்டையும் அதில் ஓடவைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். இந்தச் சண்டையின் இரு கட்சிகளுக்கும் வேண்டிய சான்று அந்த ஒரே செய்தியில் இருக்கிறது. குனு கட்சிக்காரர் சொல்வார்: பார், முதல் நாளிலேயே எங்கள் பாத்திரத்தில்தான் சமைத்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர் சொல்வார்: பாத்திரம் யாருடையதாக இருந்தால் என்ன, அடுப்பை மூட்டியவர் அவர்தானே.

1994-இல் டெபியன் குழு தன் வழங்கலின் (கெர்னலையும் கருவிகளையும் ஒன்றாகத் தொகுத்துத் தரும் இயங்குதளத்தின்) பெயரை 'டெபியன் குனு/லினக்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. 1996-இல் ஸ்டால்மன் ஒரு படி மேலே போய், எமாக்ஸின் ஒரு பதிப்பில் கணினி வகையைக் குறிக்கும் இடத்தில் 'லிக்னக்ஸ்' என்று போட்டார். லினக்ஸ் என்ற சொல்லின் வயிற்றுக்குள் குனுவைத் திணித்த சொல் அது. வாயில் நுழையவில்லை, கேலிதான் மிஞ்சியது. பின்னர் சாய்கோட்டுக்கே திரும்பினார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வரலாற்றின்படி ஸ்டால்மன் கேட்பது நியாயம். கேட்ட விதம் அந்த நியாயத்துக்கு உதவவில்லை. பேச்சின் நடுவில் குறுக்கிட்டுத் திருத்துபவரை யாருக்குப் பிடிக்கும்? இன்னொன்றும் இருக்கிறது: அவருக்கு முக்கியம் பெயர் மட்டும் இல்லை. குனு என்ற சொல் மறைந்தால், இந்த மென்பொருள் ஏன் எழுதப்பட்டது என்ற காரணமும் சேர்ந்து மறையும் என்பதுதான் அவருடைய அச்சம். அந்த அச்சம் பலித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

'லினக்ஸ்' என்ற பெயரையாவது லினஸ்தானே வைத்தார்?

இல்லை. அவர் மனத்தில் இருந்தது 'ஃப்ரீக்ஸ்'. தன் பெயரையே வைப்பது தற்பெருமை என்று கூச்சப்பட்டார். கோப்புகளை எல்லோரும் இறக்கிக்கொள்ள வழங்கியில் (சர்வரில்) இடம் கொடுத்தவர் ஆரி லெம்கே. அவருக்கு ஃப்ரீக்ஸ் பிடிக்கவில்லை, யாரிடமும் கேட்காமல் கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயரிட்டுவிட்டார். உலகத்தின் பெரும்பாலான வழங்கிகளும் கைபேசிகளும் சுமக்கும் பெயர், ஒரு கோப்புறைக்கு வைத்த பெயர்.

எல்லா லினக்ஸிலும் குனு இருக்கிறதா?

இல்லை. ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கெர்னல் உண்டு, மேலே இருக்கும் சி நூலகம் கூகுளின் 'பயோனிக்'. ஆல்பைன் வழங்கலில் அந்த இடத்தில் 'மசல்' இருக்கிறது, அன்றாடக் கட்டளைகளுக்கு 'பிஸிபாக்ஸ்'. இவற்றைக் குனு/லினக்ஸ் என்றால் அதுவும் தவறான பெயர். எதிர்த் திசையில், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் கெர்னல் மேல் குனு கருவிகளை வைத்து டெபியன் ஒரு வழங்கலை வெளியிட்டபோது, சாய்கோட்டுக்குப் பின்னால் லினக்ஸ் இருந்த இடத்தில் கெ-ஃப்ரீபிஎஸ்டி என்று போட்டார்கள். பெயர் முறையாக இருந்ததால் பொருள் உடனே விளங்கியது. பேச்சில் நான் லினக்ஸ் என்பேன். எழுத்தில், இயங்குதளம் முழுவதையும் குறிக்கும்போது, குனு/லினக்ஸ். இதற்காக யாரோடும் சண்டைக்குப் போவதில்லை.

'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல் யாருடையது?

கிறிஸ்டின் பீட்டர்சன் உருவாக்கியது. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலைத் திறக்கப்போவதாக 1998 ஜனவரியில் அறிவித்தது. அடுத்த மாதமே கலிஃபோர்னியாவில் சிலர் கூடி, வணிகர்களை மிரட்டாத ஒரு சொல் வேண்டும் என்று பேசினார்கள். பீட்டர்சனிடம் சொல் தயாராக இருந்தது. ஆனால் அவர் நிரலாளர் இல்லை. அந்தக் கூட்டத்தில் அதை எடுத்து வைக்கத் தயங்கினார். அவருடைய நண்பர் ஒருவர், முன்மொழிகிறேன் என்று சொல்லாமல், பேச்சோடு பேச்சாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சிறிது நேரத்தில் மற்றவர்களும் அறியாமலே அதையே பேசத் தொடங்கினார்கள். சொல்லைப் பரப்பியவர்கள் எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும், ஆகவே ஊர் அவர்களையே நினைவில் வைத்தது. தான் சொல்லைக் கண்ட கதையைப் பீட்டர்சன் விரிவாக எழுதி வெளியிட்டது 2018-இல், இருபது ஆண்டுகள் கழித்து. ரேமண்ட் முன்பே அவர் பெயரைச் சொல்லித்தான் வந்தார், மறைக்கவில்லை. ஆனாலும் மேடையில் இருப்பவர் பெயர்தான் காதில் விழுகிறது.

தமிழில் 'திறமூலம்', 'திறந்த மூலம்' என்று இரண்டும் வழங்குகின்றன. எது சரி என்று கேட்டு அஞ்சல் அனுப்ப வேண்டாம்.

உரிமம் நிரலைத் தருகிறது என்றால் பெயரையும் தருகிறதுதானே?

தருவதில்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இது. நிரலைக் காப்பது பதிப்புரிமை, பெயரைக் காப்பது வணிகச்சின்னம். இரண்டும் வேறு சட்டங்கள். ஒன்றைத் திறந்துவிட்டவர் மற்றதைப் பூட்டி வைத்திருக்கலாம்.

ஃபயர்பாக்ஸைவிட நல்ல பாடம் இதற்குக் கிடையாது. அந்த உலாவியே பெயரால் அலைக்கழிந்தது. 2002-இல் பீனிக்ஸ் என்று பிறந்தது. அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் சின்னம் என்பதால் 2003-இல் ஃபயர்பேர்ட் ஆயிற்று. அதே பெயரில் ஒரு கட்டற்ற தரவுத்தளம் இருந்தது, அவர்கள் சும்மா விடவில்லை. 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்பாக்ஸ். இப்படி அடிபட்ட, அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லா, பிறகு தன் பெயரை இறுகப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

டெபியன் அந்த உலாவியை வழங்கியது. ஆனால் நரி படம் போட்ட சின்னம் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், படத்தை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. 2006-இல் மொசில்லா தரப்பு வந்து, பெயரைப் பயன்படுத்தினால் படத்தையும் பயன்படுத்த வேண்டும், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கும் எங்கள் ஒப்புதல் வேண்டும் என்றது. டெபியனுக்கு இரண்டுமே முடியாதவை. பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்து ஒட்டுவது அவர்கள் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் போய்க் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பெயரை மாற்றினார்கள். ஃபயருக்கு எதிராக ஐஸ், நரிக்குப் பதில் மரநாய் இனத்து வீசல்: 'ஐஸ்வீசல்'. பத்து ஆண்டுகள் டெபியனில் அந்தப் பெயர்தான். அதே நிரல், அதே சாளரம், தலைப்பில் மட்டும் வேறு பெயர். 'ஃபயர்பாக்ஸைக் காணோம்' என்று புதியவர்கள் தேடித் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். 2016-இல் சமாதானம் ஆகி பழைய பெயர் திரும்பியது.

சென்ட்ஓஎஸ் கதை இன்னும் வேடிக்கை. ரெட்ஹாட் நிறுவனத்தின் மூலநிரலை எடுத்துத் தொகுத்த வழங்கல் அது. நிரலை எடுக்கத் தடையில்லை, பெயரைச் சொன்னால் வழக்கறிஞர் கடிதம் வரும். அதனால் அவர்கள் 'ஒரு முக்கிய வட அமெரிக்க நிறுவன லினக்ஸ் விற்பனையாளர்' என்றே எழுதினார்கள். கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று 'அவங்க', 'பெரியவன் அப்பா' என்று சுற்றி வளைக்கும் அந்தக் காலத்துப் பாட்டிகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். 2014-இல் ரெட்ஹாட்டே சென்ட்ஓஎஸ்ஸை அரவணைத்துக்கொண்டது.

அப்படியானால் பெயரைப் பதிவு செய்வதே துரோகமா?

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸே சாட்சி. 1994-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஒருவர், அதன் உருவாக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லாதவர், அமெரிக்காவில் 'லினக்ஸ்' என்ற சொல்லைத் தன் பெயரில் பதிவுசெய்ய விண்ணப்பித்தார், கிடைத்தும்விட்டது. பிறகு அந்தப் பெயரில் தொழில் செய்தவர்களிடம் வருமானத்தில் பத்து விழுக்காடு கேட்டுக் கடிதம் போனது. வழக்குத் தொடுத்த பின் 1997-இல் சின்னம் லினஸிடம் வந்தது.

ஆகவே பதிவில் குற்றமில்லை, பதிவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. 'கிட்டீ' என்ற நிரல் வைப்பகத் திட்டத்தின் பெயரும் இணைய முகவரியும் 2022-இல் ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டதைப் பங்களிப்பாளர்களில் பலர் அறிவிப்பு வந்த பிறகே அறிந்தார்கள். விளைவு, 'ஃபோர்ஜெயோ' என்ற புதிய கிளை. எஸ்பெராண்டோ மொழியில் அதற்குக் கொல்லுப்பட்டறை என்று பொருள்.

ஒரு திட்டம் இரண்டாகப் பிளந்தால் பழைய பெயர் யாரிடம் போகும்?

பெரும்பாலும் சொத்துப் பத்திரம் வைத்திருப்பவரிடம். வேலை செய்பவர்கள் வெளியேறிப் புதுப் பெயர் தேடுவார்கள்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் பெயரில் 'மை' என்பது அதை உருவாக்கிய மான்டி விடேனியஸின் மூத்த மகள் பெயர். நிறுவனம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கைக்குப் போய், சன்னை ஆரக்கிள் வாங்க முன்வந்தபோது, நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வர அவரால் முடிந்தது. மகள் பெயரை எடுத்துவர முடியவில்லை. புதிய தரவுத்தளத்துக்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார், அதுதான் மரியாடிபி. பெற்ற பிள்ளையின் பெயரையே விற்றுவிட்ட பிறகு திரும்ப வாங்க முடியாது என்று இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. 2011-இல் 'ஹட்சன்' என்ற கருவியின் பெயர் தன்னுடையது என்று ஆரக்கிள் சொன்னது. உருவாக்குநர்கள் வாக்கெடுத்து 'ஜென்கின்ஸ்' ஆனார்கள். இன்று ஹட்சனை யாருக்கும் நினைவில்லை.

ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் சமூகத்தினர் பிரிந்து லிப்ரெஆபிஸ் தொடங்கியபோது, அது தற்காலிகப் பெயர்தான், ஆரக்கிள் பழைய பெயரைக் கொடுத்தால் அதையே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆரக்கிள் கொடுக்கவில்லை. 2011-இல் அதை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. உழைப்பு லிப்ரெஆபிஸில் நடந்தது, பெயர்ப் பழக்கம் ஓப்பன்ஆபிஸில் தங்கிவிட்டது. அங்கே 4.1 பதிப்பு வந்தது 2014-இல். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் 4.1-இன் சிறு திருத்தங்கள்தான் வந்தன. பழைய பெயரைத் தேடிப் போகிறவர் இன்றும் அதைத்தான் இறக்கிக்கொள்கிறார். 2020-இல் லிப்ரெஆபிஸ் தரப்பு பகிரங்கக் கடிதமே எழுதியது: எங்கள் பெயரையும் உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்று.

இவற்றில் மிகக் கசப்பானது என்று நான் கருதுவது எஃப்எஃப்எம்பெக் கதை. காணொளிகளைக் கையாளும் அந்தக் கருவி 2011-இல் பிளந்தது. பிரிந்தவர்கள் 'லிப்ஆவ்' ஆனார்கள், பெயர் பழைய தரப்பிடமே நின்றது. ஆனால் டெபியனிலும் உபுண்டுவிலும் பொதியை (பயனர் நிறுவிக்கொள்ளும் வடிவை) பராமரித்தவர் லிப்ஆவ் பக்கம். எனவே அங்கே நீங்கள் எஃப்எஃப்எம்பெக் என்று தட்டினால் வந்தது லிப்ஆவின் நிரல். அதோடு ஒரு செய்தியும் வரும்: இந்த நிரல் வழக்கொழிந்துவிட்டது, இனி 'ஏவ்கான்வ்' பயன்படுத்துங்கள். வழக்கொழிந்தது அந்தப் பொதியில் இருந்த பழைய கட்டளைதான். எஃப்எஃப்எம்பெக் உயிரோடு, முன்னைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் திரையில் வாசித்தவருக்கு எப்படித் தெரியும்? உயிரோடு இருப்பவரின் வீட்டு வாசலிலேயே இரங்கல் சுவரொட்டி ஒட்டியது போல. 2015-இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது.

யோசனை ஒருவருடையது, நிரல் இன்னொருவருடையது. பெயர் யாருக்கு?

பதிப்புரிமை நிரலுக்குத்தான், யோசனைக்கு இல்லை. சட்டம் அதோடு கைகழுவிவிடும். மனிதர்களால் முடிவதில்லை.

கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவர். ஓய்வு நேரத்தில் லினக்ஸ் கெர்னலின் பணி ஒதுக்கீட்டாளரைச் சீராக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். பத்து வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது எதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யும் பகுதி அது. ஊகங்களை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் நியாயமாகப் பங்கிட்டாலே மேசைக் கணினி சுறுசுறுப்பாக இருக்கும் என்று காட்டினார். அவருடைய நிரல் கெர்னலுக்குள் போகும் என்று பலர் எதிர்பார்த்த வேளையில், 2007 ஏப்ரலில் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் இங்கோ மோல்னார் அதே கொள்கையில் தானே ஒன்றை எழுதி முன்வைத்தார். அதுதான் சேர்க்கப்பட்டது.

மோல்னார் மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அறிவிப்பிலேயே இந்த அணுகுமுறைக்கான பெருமை கோலிவாஸுக்கு என்று எழுதினார். பணி ஒதுக்கீட்டாளரின் நிரல் கோப்பில், தலைக்குறிப்பிலும், 2007-04-15 என்ற தேதியிட்டு, கான் கோலிவாஸின் நியாயப் பங்கீட்டு வடிவமைப்பைக் கொண்டு வேலை தொடங்கியது என்ற பொருளில் ஒரு வரி ஏறியது. முறைப்படி பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் கோலிவாஸ் கெர்னல் வேலையை விட்டு விலகினார்.

அவருக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டு, பந்தியில் இலை போடாமல் விட்டால் எப்படி இருக்கும்? பெயர் என்பது ஒரு பகுதி. தன் கையால் எழுதியது உள்ளே இருக்கிறது, நாளை அதைத் திருத்தும் பொறுப்பு தனக்கு இருக்கிறது என்பது இன்னொரு பகுதி. நன்றிக் குறிப்பு முதலாவதைத் தரும், இரண்டாவதைத் தராது. பராமரிப்பாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது ஆண்டுகள் கட்டிக் காக்க வேண்டிய நிரலைத் தனக்குப் பிடித்த வடிவில் எழுதவே யாரும் விரும்புவார்கள்.

நான் அனுப்பிய திருத்தத்தைப் பராமரிப்பாளர் தன் பெயரில் சேர்த்துவிட்டார். என்ன செய்வது?

முதலில், நடந்தது திருட்டா, கவனக்குறைவா என்று பாருங்கள். நிரலின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயர்களை வைத்திருக்கிறது: எழுதியவர் ஒருவர், உள்ளே சேர்த்தவர் ஒருவர். நீங்கள் அனுப்பிய பேட்ச் கோப்பை, அதாவது மாற்றத்தை மட்டும் கொண்ட கோப்பை, கிட்டின் கட்டளை வழியே சேர்த்தால் எழுதியவர் இடத்தில் உங்கள் பெயர் தானாக நிற்கும். பராமரிப்பாளர் அதைத் திரையில் பார்த்துத் தன் கையால் தட்டிச் சேர்த்தாலோ, சற்று மாற்றிப் புதிதாக எழுதினாலோ, இரண்டு இடத்திலும் அவர் பெயர் ஏறிவிடும். பாதிப் புகார்கள் இப்படிப் பிறப்பவை.

மீதிப் பாதி அப்படியில்லை. 2023-இல் பலரைக் கொதிக்கவைத்த ஒரு நிகழ்வு: ஒரு புதியவர் கெர்னலில் பவர்பிசி வகைக் கணினிகளுக்கான பகுதியில் பாதுகாப்புப் பிழை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, திருத்தமும் எழுதி அனுப்பினார். பராமரிப்பாளர் அதே பிழைக்குத் தன் திருத்தத்தை எழுதிச் சேர்த்துவிட்டு, புதியவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை', அதாவது பிழையைத் தெரிவித்தவர், என்ற வரியைக் கொடுத்தார். நோயைக் கண்டுபிடித்து மருந்தும் கொடுத்தவரை 'நோயாளியை அழைத்து வந்தவர்' என்று பதிவேட்டில் எழுதியது போல. கதை வெளியே வந்ததும் பராமரிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் கெர்னலில் முதல் திருத்தம் என்பது ஒருவருக்கு ஒருமுறைதான் வரும்.

செய்ய வேண்டியது: சேரும் முன்பே கண்ணில் பட்டால், 'கோ-டெவலப்டு-பை' அல்லது 'கோ-ஆதர்ட்-பை', அதாவது சேர்ந்து எழுதியவர், என்ற வரி சேர்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலோர் உடனே செய்வார்கள். முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்ட பிறகு வரலாற்றைத் திருத்தி எழுத யாரும் சம்மதிக்க மாட்டார்கள், மற்ற எல்லோருடைய நகல்களும் குழம்பிவிடும். அப்போது வெளியீட்டுக் குறிப்பிலோ பங்களிப்பாளர் கோப்பிலோ பெயரைக் கேட்கலாம். முதல் அஞ்சலிலேயே 'திருடன்' என்று தொடங்காதீர்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், நான் தொடங்கியிருக்கிறேன்.

என் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதிவிட்டால்?

எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிஎஸ்டி இயங்குதளத்தின் பழைய உரிமத்தில், இந்த மென்பொருளைப் பற்றிய எந்த விளம்பரத்திலும் 'இதில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய மென்பொருள் அடங்கியுள்ளது' என்ற வாசகம் வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஒரு வாசகம் பரவாயில்லை. உரிமத்தை நகலெடுத்தவர்கள் பல்கலைக்கழகம் இருந்த இடத்தில் தத்தம் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். 1997-இல், பிஎஸ்டி வழியில் வந்த நெட்பிஎஸ்டியின் ஒரு பதிப்பில் இப்படி 75 வாசகங்கள் இருந்ததை ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். விளம்பரத்தில் பொருளைப் பற்றிச் சொல்ல இடமே இருக்காது. 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த விதியை விலக்கிக்கொண்டது.

அதைப் பார்த்த பிறகும் எக்ஸ்ஃப்ரீ86 அதே குழியில் விழுந்தது. லினக்ஸ் மேசைக் கணினிகளில் திரையில் சாளரம் வரையும் அடிப்படை மென்பொருள் அது, கிட்டத்தட்ட ஏகபோகம். 2004 பிப்ரவரியில் 4.4 பதிப்போடு உரிமத்தை மாற்றி, ஆவணங்களில் தங்களுக்கு நன்றி அச்சிட வேண்டும் என்ற விதியைச் சேர்த்தார்கள். ஜிபிஎல்லோடு அது பொருந்தாது என்று எதிர்ப்பு எழுந்தது. பெரிய வழங்கல்கள் ஒவ்வொன்றாக மறுத்தன. விதி சேரும் முன்பிருந்த நிரலை எடுத்து எக்ஸ்.ஆர்க் ஏப்ரலிலேயே தன் வெளியீட்டைக் கொண்டுவந்தது, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். உள்ளே ஏற்கெனவே பல பூசல்கள் இருந்தன, இந்த ஒரு வரி மட்டும் காரணமில்லை. ஆனால் கூரை விழுந்தது இந்த வரியால்தான்.

பெயர் வரியை நீக்கிவிட்டே நிரலை எடுத்துக்கொள்கிறார்களே?

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற கதை எங்கும் உண்டு. கட்டற்ற உலகத்துக்குள்ளேயே 2007-இல் ஒரே ஆண்டில் இரு திசையிலும் நடந்தது. ஏப்ரலில், லினக்ஸின் ஒரு வயர்லெஸ் இயக்கியிலிருந்து (வன்பொருளை இயக்கும் நிரலிலிருந்து) ஜிபிஎல் நிரல், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் களஞ்சியத்தில் தவறான உரிமத்தோடு ஏறியிருந்தது. லினக்ஸ்காரர்கள் பகிரங்கமாகக் கேட்டார்கள், ஓப்பன்பிஎஸ்டி பக்கம் எழுதியவர் மனம் நொந்து தன் இயக்கியையே நீக்கிவிட்டார். ஆகஸ்டில், ஓப்பன்பிஎஸ்டியில் பிறந்த வேறொரு வயர்லெஸ் இயக்கியின் உரிம வாசகத்தை நீக்கி ஜிபிஎல் போட லினக்ஸ் பக்கம் ஒரு பேட்ச் வந்தது. இப்போது கத்தியது அந்தப் பக்கம். ஏப்ரலில் 'தனியாகச் சொல்லியிருக்கலாமே' என்றவர்கள் ஆகஸ்டில் ஒலிபெருக்கி வைத்தார்கள். கடைசியில் மூல வாசகம் அப்படியே நின்றது.

மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெயர் எங்கே வரும்?

நானே காத்திருந்த கேள்வி. மொழிபெயர்ப்பு வைக்கும் பிஓ கோப்பின் தலையில் 'லாஸ்ட்-டிரான்ஸ்லேட்டர்' என்று ஒரு வரி உண்டு. கடைசியாகத் தொட்டவர் என்று பொருள். நானூறு வரிகளைப் பெயர்த்தவர் ஒருவர், ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தியவர் ஒருவர் என்றால், அங்கே நிற்பது ஒற்றைத் திருத்தியவர். முழுப் பட்டியல் அதற்கும் மேலே குறிப்பு வரிகளில் இருக்கும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. க்னோம் என்ற மேசைச் சூழலின் செயலிகளில் அழகான ஏற்பாடு இருக்கிறது: 'டிரான்ஸ்லேட்டர்-கிரெடிட்ஸ்' என்று ஒரு வரி மற்ற வரிகளோடு பெயர்ப்புக்கு வரும். அதற்கு ஈடாக உங்கள் பெயரை எழுதினால், செயலியின் 'பற்றி' சாளரத்தில் தெரியும். இது தெரியாத புதியவர்கள் அதை 'மொழிபெயர்ப்பாளர் பெருமைகள்' என்று உண்மையாகவே மொழிபெயர்த்துவிடுவதும் உண்டு.

ஒருமுறை ஒரு சிறு செயலியைத் தமிழாக்கினேன். அடுத்த பதிப்பில் 'பற்றி' சாளரத்தைத் திறந்தால் என் பெயர் இல்லை, கோப்புகளை இணைத்தவர் பெயர் இருந்தது. மூன்று பத்தியில் கோபமாக அஞ்சல் எழுதினேன். அவர் மறுநாள் பதில் அனுப்பினார்: மன்னிக்கவும், சேர்த்துவிடுகிறேன், ஆனால் உங்களுக்கு முன்பே பாதி வரிகளைத் தமிழாக்கிய ஒருவர் பெயர் அந்த இடத்தில் இருந்தது, உங்கள் கோப்பில்தான் அது காணாமல் போயிருக்கிறது. திறந்து பார்த்தேன். ஆம், அந்த வரியை அழித்துத்தான் என் பெயரை எழுதியிருந்தேன்.

என் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கிறதே, திருத்த முடியுமா?

தலையெழுத்து வைத்துக்கொள்ளும் நமக்கே உரிய தொல்லை இது. அலுவலகக் கணினியில் 'எஸ். குமார்', வீட்டில் 'குமார் எஸ்', முதற்பெயர் கடைசிப்பெயர் கேட்ட படிவத்தில் அப்பா பெயரையும் சேர்த்து ஒன்று. கிட் இதை மூன்று ஆட்களாக எண்ணும். முப்பது திருத்தங்கள் செய்தவர் பட்டியலில் பத்துப் பத்தாகச் சிதறிக் கீழே கிடப்பார்.

அதற்கு 'மெயில்மேப்' என்ற கோப்பு இருக்கிறது. களஞ்சியத்தின் முதல் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் அந்தப் பெயரில் ஒரு கோப்பு. வரிக்கு ஒன்றாக, முதலில் நீங்கள் விரும்பும் பெயரும் அஞ்சல் முகவரியும், அதன்பின் பழைய பெயரும் பழைய முகவரியும். பழைய வரலாறு அப்படியே இருக்கும், பட்டியல் எடுக்கும்போது மட்டும் எல்லாம் ஒரே பெயரில் சேரும். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதுவே வழி. பழைய பெயரும் அந்தக் கோப்பில் தெரியும் என்பது அவர்களில் சிலருக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தமிழ் எழுத்திலேயே பெயரை வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், கிட் யூனிகோடை ஏற்கும். உங்கள் முனையத்தின் எழுத்துரு ஏற்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் கொம்பும் காலும் இன்னும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன.